பெட்ரோல் போகிற வழியிலேயே போயிருக்க வேண்டும்: பழைய பைக்கை வீட்டில் சரிசெய்த கதை

அப்பா ஓட்டிய பைக் ஆறு வருடங்கள் ஒரு மூலையில் தார்ப்பாய்க்குள் நின்றது. நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. கடைசியாக நிறுத்தியபோது டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்திருக்கிறது. அதை யாரும் வடிக்கவில்லை. நான் தார்ப்பாயை விலக்கி மூடியைத் திறந்தபோது மூக்கில் ஏறியது பெட்ரோல் வாசனையே இல்லை. மரச் சாமான்களுக்கு அடிக்கும் வார்னிஷ் வாடை, அதோடு கொஞ்சம் புளிப்பு.

அந்த வாடைதான் முதல் தகவல். அதை நான் கேட்டிருக்க வேண்டும். பெட்ரோலில் சட்டென்று ஆவியாகிற பகுதிகள்தான் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புகின்றன. வண்டி நிற்க நிற்க அவை முதலில் பறந்துவிடும். மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லப் பிசினாக மாறும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். தகரத்துக்கு மேல் ஆறு வருடம் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் செய்தது என்ன? பழசுக்கு மேலேயே இரண்டு லிட்டர் புதுப் பெட்ரோலை ஊற்றினேன். சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்காகக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடி) இழுத்து, கிக்கரை இருபது முப்பது தடவை உதைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அந்த நிமிடத்தின் சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது. சோக் போட்டிருந்தவரை ஓடியது. சோக்கைத் தள்ளியதும் அணைந்தது. மறுபடி சோக், மறுபடி ஓட்டம். இப்படி நாலைந்து நிமிடம் ஓடிவிட்டு ஒரேயடியாக நின்றது. அதற்குப் பிறகு பதினோரு வாரம் அது ஒழுங்காக ஓடவில்லை.

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட்டில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது பெட்ரோலை அளந்து விடும், துளையுள்ள சிறு பித்தளைத் திருகு) அடைப்பு என்று பெரும்பாலும் நம்பிச் சொல்லலாம். அது பின்னால் தெரிந்துகொண்டது. அன்று அந்த நாலைந்து நிமிடத்தில் டேங்கின் அடியில் கிடந்த துருவையும் பிசினையும் நானே கார்புரேட்டருக்குள் இறக்கிவிட்டேன்.

பழைய பெட்ரோலை வடிப்பதிலிருந்து ஒழுங்காகத் தொடங்கலாம் என்று முடிவெடுத்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட எடை கூடியது. மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிவிடும் பொருள் அது. அதாவது எந்த ஊர், எந்தப் பருவம் என்றாலும் அது எப்போதும் தயாராகத்தான் இருக்கிறது. அதனால் வடிப்பது வெட்டவெளியில், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகு, பெட்ரோலுக்கென்றே உள்ள கேனில். தண்ணீர் பாட்டிலிலோ பிளாஸ்டிக் வாளியிலோ பிடிக்கக்கூடாது. தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. கழிவு எண்ணெய், பெட்ரோல் வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் விரித்துக் காயவிட வேண்டும்.

அடுத்தது கார்புரேட்டர். கழற்றுவது சுலபம்தான்: பெட்ரோல் டியூப், ஆக்ஸிலரேட்டர் கேபிள், இரண்டு போல்ட், ஏர் ஃபில்டர் பக்கத்து கிளாம்ப். கஷ்டம் அதற்கப்புறம் வந்தது. அடியில் இருக்கும் கிண்ணத்தை நான்கு ஸ்டார் ஸ்க்ரூக்கள் பிடித்திருந்தன. முதல் இரண்டு வந்தன. மூன்றாவதில் திருப்புளி வழுக்கியது. இன்னும் அழுத்தினேன், இன்னும் வழுக்கியது. நான்கு மூலையும் தேய்ந்து தலையில் ஒரு வட்டக் குழிதான் மிஞ்சியது.

எல்லா ஸ்டார் ஸ்க்ரூவும் ஒன்றல்ல. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகைதான். பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் போலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் அடிவரை உட்காராது. கொஞ்சம் மேலேயே நின்று, விசை கொடுத்ததும் ஏறி வழுக்கும். ஜேஐஎஸ் முனை உள்ள திருப்புளி ஒன்று இருந்திருந்தால் அந்த மூன்றாவது ஸ்க்ரூ வந்திருக்கும். கடைசியில் அதன் தலையில் ரம்பத்தால் ஒரு நீளக் கீறல் போட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, பட்டைத் திருப்புளியை வைத்து மெதுவாகத் தட்டித் தட்டித்தான் எடுத்தேன். நான்காவதைத் தொடுவதற்கு முன் சரியான திருப்புளியை வாங்கிவிட்டேன். திரும்பப் பூட்டும்போது நான்கு இடத்திலும் தலையில் ஆறுபக்கக் குழி உள்ள ஆலன் போல்ட் போட்டேன்.

கிண்ணம் கையில் வந்தது. அடியில் இட்டலி மாவு காய்ந்தால் வருமே, அது போல வெடித்த பச்சை நிற ஓடு. அதற்கு மேல் பழுப்பு நிறத்தில் கூழ். நகத்தால் சுரண்டினால் ஓடு செதில் செதிலாக வந்தது. கூழ் விரலில் ஒட்டிக்கொண்டு விடவில்லை. இரண்டு ஜெட்டுகளும் (ஸ்லோ ஜெட்டும், வேகமாக ஓடும்போது வேலை செய்யும் மெயின் ஜெட்டும்) அதற்குள் மூழ்கியிருந்தன. ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல ஜெட் என்றால் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். அந்த ஓட்டை அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஓரத்தில் ஒரு மெல்லிய பிசின் படலம் ஒட்டியிருந்தாலே பெட்ரோலின் அளவு மாறிவிடும்.

இரும்புக் கம்பியைவிட்டுக் குத்த வேண்டும் என்றுதான் கை போகும். ஜெட் பித்தளை, கம்பி எஃகு. கீறினால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் அது வேறு ஜெட்தான். கார்ப் கிளீனரில் ஒரு நாள் ஊறவைத்து, வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை எடுத்து நுழைத்தேன். மூன்றாவது ஊறலுக்குப் பிறகு அந்த வெளிச்சப் புள்ளி தெரிந்தது. வட்டமாக, சுத்தமாக. ஜெட் சுத்தமானால் போதாது, அது உட்காரும் இடத்திலிருந்து கார்புரேட்டர் உடம்புக்குள் போகிற மெல்லிய வழிகளும் திறக்க வேண்டும். ஒரு துளையில் ஸ்பிரே அடித்தால் அது வேறு எந்தத் துளை வழியாக வெளியே வருகிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அப்படிப் பார்க்கக் குனியும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருப்பது கட்டாயம். துளைக்குள் போகும் ஸ்பிரே எதிர்பாராத திசையில் திரும்பி முகத்தில் அடிக்கும். எனக்கு அடித்தது. கண்ணைப் பத்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினேன். இன்னொன்று, ஸ்பிரேக்கு முன் ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கார்ப் கிளீனர் பட்டால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஊதிப் பெருத்துவிடும், பிறகு தன் பள்ளத்தில் உட்காராது.

பெரிய அடி அன்று மாலை விழுந்தது. ஃப்ளோட்டை (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை) இரண்டு சிறிய தூண்களுக்கு நடுவில் ஒரு ஊசி தாங்கிப் பிடிக்கும். அந்த ஊசி பிசினில் இறுகியிருந்தது. எதிர்ப்பக்கம் தாங்கல் கொடுக்காமல் ஆணியை வைத்துச் சுத்தியால் தட்டினேன். இரண்டாவது தட்டில் "டிக்" என்று சின்னச் சத்தம். ஊசி வரவில்லை, தூண் உடைந்துவிட்டது. அது கார்புரேட்டர் உடம்போடு சேர்த்து வார்த்த அலுமினியம். தனியாக வாங்க முடியாது.

அந்தத் தட்டுக்குப் பதிலாகச் செய்திருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ஊசியின் ஒரு முனை கொஞ்சம் பெரிதாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; இருந்தால் அது அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும். கிளீனரில் நன்றாக ஊறவிட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் கார்புரேட்டரைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் அலுமினியம் விரிந்து பிடி தளரும். அதற்கும் வரவில்லை என்றால் குறட்டால் மெல்ல அழுத்தித் தள்ளலாம், அதாவது தூணுக்கும் ஊசிக்கும் இடையில் மட்டும் விசை போகும்படி. சுத்தி கூடவே கூடாது.

அதே மாடலுக்கான பழைய கார்புரேட்டர் ஒன்று கிடைக்க இரண்டு வாரம் ஆனது. கைக்கு வந்ததும் அப்படியே மாட்டிவிடத்தான் ஆசை. ஆனால் ஜெட்டுகளின் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தேன். மெயின் ஜெட்டின் எண் வேறாக இருந்தது. யாரோ முன்பு மாற்றியிருக்கிறார்கள். என் பழைய ஜெட்டுகளையும் நீடிலையும் (ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கி பெட்ரோலை அளக்கும் நீள ஊசி) அதில் மாற்றிப் பொருத்தினேன். நீடிலில் கிளிப் எத்தனையாவது பள்ளத்தில் இருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்தது அப்போது உதவியது. ஏர் ஸ்க்ரூவை (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது போகும் கலவையைச் சரிசெய்யும் திருகு) கழற்றுவதற்கு முன் உள்ளே மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் அடி தொடுகிறது என்று எண்ணி எழுதியிருந்தேன்: ஒன்றே முக்கால் சுற்று. அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், கடுகு அளவு வாஷர், அதைவிடச் சின்ன ஓ-ரிங். ஓ-ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மறந்து மேலே புதியதைப் போட்டுவிடுகிறார்கள். வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

எல்லாம் மாட்டினேன். வண்டி கிளம்பியது. சோக் இல்லாமல் ஓடியது. உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு, அதாவது பெட்ரோல் காக், அதை மூடவில்லை.

காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது பெட்ரோல் ஆவி. வண்டிக்கு அடியில் தரை நனைந்து பளபளத்தது. இருட்டாக இருந்தது, விரல் பழக்கத்தில் ஸ்விட்ச் வரை போய்விட்டது. தொடவில்லை. ஸ்விட்ச் போடும்போது உள்ளே சின்னதாக ஒரு பொறி பறக்கும், அது போதும். ஸ்விட்சை விட்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, வீட்டில் இருந்தவர்களை வெளியே அனுப்பி, காக்கை மூடி, வண்டியைக் கையால் தள்ளி வெளியே கொண்டுவந்தேன். மண்ணை அள்ளித் தரையில் கொட்டி, அதை அள்ளி வெளியே போட்டேன். வாடை போக மத்தியானம் ஆனது. இதை எழுதும்போதும் அந்த விரல் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

என்ன நடந்தது என்றால், ஃப்ளோட் ஊசி (முன்பு நான் சுத்தியால் தட்டிய ஊசி அல்ல, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் வேறு ஊசி) சரியாக மூடவில்லை. கிண்ணத்தில் பெட்ரோல் ஓர் அளவுக்கு வந்ததும் ஃப்ளோட் மிதந்து அந்த ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்க வேண்டும். ஊசியின் ரப்பர் முனையைச் சுற்றி மோதிரம் போட்ட தழும்பு மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளம் விழுந்த ஊசி அடைக்காது. அதைவிட மோசம், வழிவதை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ குழாயிலும் பாதி அடைப்பு. அதனால் பெட்ரோலில் ஒரு பங்கு தரைக்கு வந்தது, இன்னொரு பங்கு இன்ஜினுக்குள் போனது.

அது எப்படித் தெரிந்தது என்றால் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. தொட்டால் தண்ணீர் மாதிரி ஓடியது, மோந்தால் பெட்ரோல். கார்புரேட்டர் வழிந்த பிறகு ஆயிலைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பவே கூடாது. பெட்ரோல் கலந்த ஆயிலுக்குப் பேரிங்கைக் காக்கும் தடிமன் கிடையாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் முட்டி, கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக அழுத்தி உள்ளே இருந்ததை வெளியேற்றினேன். ஆயிலை மாற்றி, சிறிது தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு தடவையும் மாற்றினேன்.

புது ஊசி போட்டும் சொட்டியது. ஊசி உட்காரும் பித்தளை இருக்கையில் படிந்திருந்த பிசினை நான் கவனிக்கவில்லை. பஞ்சு சுற்றிய குச்சியில் உலோகப் பாலிஷ் தொட்டு, விரலிடையில் வைத்து ஐந்து நிமிடம் சுழற்றியதும் அது கண்ணாடி போல ஆனது. பிறகு ஃப்ளோட் மட்டம். கிண்ணத்தின் வடிகால் துளையில் கண்ணாடி போன்ற டியூபைச் செருகி, அதை மேல்நோக்கிக் கார்புரேட்டர் உடம்போடு ஒட்டிப் பிடித்து, வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கிண்ணத்துக்குள் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரம் டியூபில் தெரியும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இந்தச் சோதனையை வண்டியில் மாட்டும் முன்பே, கார்புரேட்டரை மேசையில் நேராகப் பிடித்து, ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து பெட்ரோல் விட்டுச் செய்யலாம். வெளியில் வைத்துத்தான். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பார்த்தால் சொட்டுமா சொட்டாதா என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை முதல் தடவையே கொடுத்திருந்தால் அந்தக் காலை வந்திருக்காது.

இவ்வளவுக்கும் டேங்கை நான் இன்னும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. மூன்றே நாளில் ஸ்லோ ஜெட் மறுபடி அடைத்தது. இந்தத் தடவை பிசின் இல்லை, சிவந்த தூள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் டேங்கின் அடிப்பக்கம் முழுக்கத் துரு. பெட்ரோல் மேலிருந்து கீழே வருகிறது. நான் கீழேயிருந்து மேலே போய்க்கொண்டிருந்தேன். மூடி, டேங்க், காக், டியூப், கார்புரேட்டர், மேனிஃபோல்ட் என்று பெட்ரோல் போகிற வரிசையிலேயே நானும் போயிருந்தால் கார்புரேட்டரை ஒரு தடவைதான் கழற்றியிருப்பேன். மொத்தம் ஏழு தடவை கழற்றினேன்.

டேங்கை இறக்கி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் பெட்ரோல் வாடை சுத்தமாகப் போகும்வரை கழுவினேன். துருவை உதிர்க்க நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். எண்ணித்தான் போட்டேன்: 25. வெளியே வந்தது 24. டேங்கின் நடுவில், சட்டத்தின் மேல் உட்காருவதற்காக ஒரு வளைவு இருக்கும் அல்லவா, அந்த வளைவுக்குப் பின்னால் ஒன்று போய் ஒளிந்துகொண்டது. கயிற்றில் காந்தம் கட்டி ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடி எடுத்தேன். நட்டுக்குப் பதில் ஒரு முழம் சங்கிலி போட்டுக் குலுக்கினால் இந்தத் தேடலே இல்லை. ஒரு முனையைக் கையில் பிடித்து இழுத்தால் முழுசும் வந்துவிடும்.

வினிகர் நிரப்பி ஒரு நாள் வைத்தேன். வேலை செய்தது. ஆனால் இரண்டு தவறு. காக்கைக் கழற்றாமல் ஊற்றியதில் அதன் துத்தநாகக் கலப்பு உடம்பை அமிலம் அரித்துச் சொரசொரப்பாக்கியது. அடுத்த தடவை காக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தை ரப்பர் வைத்த தகட்டால் அடைத்தேன். இரண்டாவது, வினிகரைக் கொட்டித் தண்ணீரால் அலசிவிட்டு, காயட்டும் என்று சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வெள்ளி போல மின்னிய உட்புறம் முழுக்க ஆரஞ்சுப் பூச்சு. அமிலத்தில் கழுவிய இரும்பு அம்மணமாக இருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் கண் முன்னாலேயே துருப்பிடிக்கும். மறுபடி வினிகர், கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, அலசி, உடனே ஊதுகாற்றால் உலர்த்தி, கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றினேன். துரு அதோடு நின்றது. வெளியே பெயிண்டில் வினிகர் வழிந்த தடம் மட்டும் இன்னும் இருக்கிறது. மூடி விளிம்பைச் சுற்றி கிரீஸ் தடவியிருந்தால் அதுவும் வந்திருக்காது.

புதுக் காக், புது டியூப். டியூபைப் பற்றி ஒரு வார்த்தை: மீன் தொட்டிக்கு வாங்கும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் பார்க்க அழகு, உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரியும். ஒரு மாதத்தில் மஞ்சளாகி, மூங்கில் மாதிரி விறைத்து, முனையில் நழுவத் தொடங்கும். பெட்ரோலுக்கென்று செய்த ரப்பர் டியூப்தான் வேண்டும்.

இப்போது வண்டி அருமையாக ஓடியது. சரியாக நான்கைந்து கிலோமீட்டர். அப்புறம் இழுவை குறைந்து, திணறி, நின்றது. பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தினால் மறுபடி கிளம்பும். மறுபடி நிற்கும். ஜெட்டுகளைப் பார்த்தேன், சுத்தம். டியூபில் பெட்ரோல் வருகிறதா என்று டேங்க் மூடியைத் திறந்துவைத்து, காக்கைத் திறந்து ஒரு பாட்டிலில் ஒரு நிமிடம் பிடித்தேன். தாராளமாக வந்தது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 20 மில்லி பெட்ரோல்தான் குடிக்கும். பாட்டிலில் வந்தது அதைப்போலப் பல மடங்கு. எனவே பெட்ரோல் வரத்து சரி என்று முடிவு கட்டிவிட்டேன். காயில், பிளக், ஸ்விட்ச் என்று மின்சாரப் பக்கம் போய் பத்து நாள் வீணானது.

எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் போனில் கேட்டேன்.

"வண்டி நின்னதும் முதல்ல என்ன பண்றீங்க தம்பி?"

"கார்புரேட்டர்ல பெட்ரோல் இருக்கான்னு பாக்குறேண்ணே."

"அதெல்லாம் அப்புறம். நின்ன எடத்துலயே டேங்க் மூடியத் தொறங்க. தொறக்குறப்போ காதைப் பக்கத்துல வச்சுக் கேளுங்க."

மறுநாள் நான்காவது கிலோமீட்டரில் நின்றது. மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தது. உடனே உதைத்தேன், ஒரே உதையில் கிளம்பியது.

பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்ன வழி இருக்கிறது. அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் மரை வழியாக மெல்லக் காற்று கசிந்து மறுபடி ஓடும். டேங்க் நிறைய இருந்த நாள்களில் சீக்கிரம் நின்றதும், பாதியாக இருந்தபோது இன்னும் கொஞ்சம் தூரம் போனதும் இதனால்தான்: மேலே காற்று குறைவாக இருந்தால் வெற்றிடம் சீக்கிரம் பிடிக்கும். நான் சோதித்தபோது மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அல்லவா பாட்டிலில் பிடித்தேன்! மூடியை இறுக மூடி, ஐந்து நிமிடமாவது தொடர்ந்து பிடித்துப் பார்க்க வேண்டும். முதலில் கம்பியாக வருவது மெல்ல நூலாகி, பிறகு சொட்டாகிவிட்டால் காரணம் மூடிதான்.

அந்த அடைப்பும் என் கையால் வந்ததே. பழைய மூடியின் ரப்பர் நைந்திருந்ததால் ரப்பர் தாளில் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டிருந்தேன். பழையதில் இருந்த சிறு துளையைப் புதியதில் போடவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. புதிதாக ஒரு கோளாறு வந்தால் அதற்கு முன் கடைசியாக எதைத் தொட்டேன் என்பதைத்தான் நோட்டைப் புரட்டி முதலில் பார்க்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறேன், மாற்றியதும் ஓட்டிப் பார்க்கிறேன்.

கடைசியாக ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் நிதானமாக ஓடுவது. ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்காமல் தொங்கும், பிறகு திடீரென்று இறங்கி அணையும். ஏர் ஸ்க்ரூவை ஒரு நாள் முழுக்கத் திருகிப் பார்த்தேன். இதில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. வெளியே திருகினால் கலவையில் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளக்கிறது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் திருகினால் எதிர்த்திசையில்தான் போவோம். என் வண்டியில் எந்தத் திசையில் திருகியும் நிலைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரைச் சுற்றித் தண்ணீரைச் சன்னமாகத் தெளித்தேன். சிலர் இதற்குப் பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடிப்பார்கள். சூடான இன்ஜின் மேல் அது வேண்டாம், தண்ணீரே போதும். அடிப்பக்கம் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறியது. கழற்றி வளைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாத வெடிப்பு, வளைத்தால் வாய் திறந்தது. புது ரப்பர் போட்டதும் ஒன்றே முக்கால் சுற்றிலேயே ஐட்லிங் நிலைத்தது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு பிளக்கை எடுத்துப் பார்த்தேன். கரியும் இல்லை, வெளுப்பும் இல்லை. காய்ந்த களிமண் நிறம்.

இப்போது வண்டியை நிறுத்தியதும் காக்கை மூடுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று தெரிந்தால் காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சியதை வடிகால் ஸ்க்ரூ வழியாக எடுத்துவிடுகிறேன். கார்புரேட்டருக்கு நேர் கீழே தரையில் ஒரு வெள்ளை அட்டை எப்போதும் கிடக்கும். காலையில் கதவைத் திறந்ததும் விளக்கைத் தொடாமல் ஒரு நிமிடம் நின்று மோந்து பார்ப்பேன், பிறகு அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். இன்று காலையும் பார்த்தேன். அதில் ஒரு பொட்டுகூட இல்லை.